வளர்த்த பிள்ளையும் வாரிசுரிமையும்: நெய்வேலி நகரியத்தை முன்வைத்து

நெய்வேலி நகரியத்துக்கும் நம் குடும்பச் சொத்துச் சட்டங்களுக்கும் ஒரே வயது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூன் 17-இல் நடைமுறைக்கு வந்தது. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் அதே ஆண்டு டிசம்பர் 21-இல் வந்தது. இரண்டுக்கும் இடையில், நவம்பர் 14-இல், நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. அன்றைய தென்னார்க்காட்டு மண்ணில் சுரங்கமும் அனல்மின் நிலையமும் வந்தன. வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ் எழுந்தன. பல மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வேலைக்கு வந்து குடியேறினார்கள். அப்படி வந்த முதல் தலைமுறையில் பலர் இன்று இல்லை. அடுத்த தலைமுறை ஓய்வு பெற்று, வடலூரிலோ மந்தாரக்குப்பத்திலோ விருத்தாசலத்திலோ மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு போகிறது. சொத்து கைமாறும் காலம் இது. இந்தக் கைமாற்றத்தில் யாருக்கு ஆபத்து அதிகம் என்று கேட்டால், பிள்ளையில்லாத தம்பதியரிடம் அண்ணன் மகளாகவோ தங்கை மகனாகவோ கைக்குழந்தையாக வந்து, அவர்களையே அப்பா அம்மா என்று அழைத்து வளர்ந்த பிள்ளைக்குத்தான் என்பேன்.

இந்த வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் புதிதல்ல. விவசாயக் கிராமத்தில் அது ஓரளவு பாதுகாப்பாகவும் இருந்தது. வளர்த்த பிள்ளை அந்த நிலத்தை உழுதான், அந்த வீட்டில் குடியிருந்தான், வளர்த்தவருக்குக் கொள்ளி வைத்தான், ஊரார் பார்த்திருந்தார்கள். பங்காளிகள் தகராறு செய்தாலும் அனுபவ பாத்தியதை என்று சொல்லிக்கொள்ள ஒரு பிடி இருந்தது. நகரியக் குடும்பத்துக்கு அந்தப் பிடி இல்லை. குடியிருக்கும் வீடு நிறுவனத்துடையது. பணி முடிந்தால் சாவியை ஒப்படைக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் வேறு வேறு ஊர்க்காரர்கள். இடமாற்றத்திலும் ஓய்விலும் பிரிந்துபோகிறவர்கள். சொத்து என்று இருப்பது வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, ஓய்வூதியம், காப்பீடு, வங்கி வைப்பு, பிறகு ஒரு மனை. மனையைத் தவிர மற்றவை எல்லாம் ஏதோ ஓர் அலுவலகத்தின் படிவத்தில்தான் இருக்கின்றன. அந்தப் படிவத்தில் உறவு என்ன என்று கேட்கும் கட்டத்தில் சட்டம் ஏற்கும் விடை இருந்தால் பணம் வரும், இல்லாவிட்டால் வராது. அதனால்தான், வளர்ப்பைச் சட்டப்படியான தத்தாக முடிக்காமல் விடுவது கிராமத்தில் செய்ததைவிடப் பெரிய கேட்டை இங்கே செய்கிறது என்கிறேன். தத்தும் உயிலும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல என்பதும், சம்பளக் குடும்பத்துக்கு இரண்டும் வேண்டும் என்பதும் என் வாதத்தின் மறுபாதி.

சட்டம் தத்துக்குக் கேட்பது அதிகமில்லை. ஆனால் கேட்பதைக் கண்டிப்பாகக் கேட்கிறது. இந்து தத்தெடுப்புச் சட்டத்தின்படி தத்து கொடுக்கத் தகுதியுள்ளவர்கள் பெற்ற தாயும் தகப்பனும். அவர்கள் இருவரும் இல்லாதபோது, நீதிமன்ற அனுமதியோடு பாதுகாவலர். கணவன் தத்தெடுக்க மனைவியின் சம்மதம் வேண்டும். 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மணமான பெண்ணும் கணவன் சம்மதத்தோடு தத்தெடுக்கலாம். பிள்ளைக்குப் பதினைந்து வயது முடிந்திருக்கக் கூடாது, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. இரண்டுக்கும் வழக்கம் இருந்தால் விலக்கு உண்டு. ஆண் பெண்பிள்ளையையோ பெண் ஆண்பிள்ளையையோ எடுத்தால் இருபத்தொரு வயது இடைவெளி வேண்டும். மகன் இருக்கும் வீட்டில் இன்னொரு மகனையும், மகள் இருக்கும் வீட்டில் இன்னொரு மகளையும் இந்தச் சட்டத்தின் கீழ் எடுக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றவர் கொடுக்க, எடுப்பவர் வாங்க, அந்தக் கொடுக்கல் வாங்கல் உண்மையாக நடந்திருக்க வேண்டும். தத்த ஹோமம் கட்டாயமில்லை என்று சட்டமே சொல்லிவிட்டது. கையிலிருந்து கைக்குப் பிள்ளையை ஒப்படைக்கும் செயலை மட்டும் அது விட்டுக்கொடுக்கவில்லை. 1961-இலேயே உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது.

சாஸ்திர காலத்தில் இருந்த நிச்சயமின்மையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு தெளிவு என்பதைத் தஞ்சாவூர் வரலாறு காட்டும். மன்னர் துளஜா 1787-இல் இறக்கும் தறுவாயில் சிறுவன் சரபோஜியைத் தத்தெடுத்தார். தம்பி அமர்சிங் அந்தத் தத்து செல்லாது என்றார். ஒரே மகனைத் தத்துக் கொடுக்கலாமா என்பது போன்ற கேள்விகளைப் பண்டிதர்களிடம் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் கேட்டார்கள். முதலில் செல்லாது என்று பதில் வந்தது, பின்னால் செல்லும் என்று வந்தது. சரபோஜி அரியணை ஏற 1798 ஆயிற்று. ஓர் அரசகுமாரனே பதினோரு ஆண்டு காத்திருக்க நேர்ந்த சந்தேகங்களில் பெரும்பாலானவற்றை 1956-ஆம் ஆண்டுச் சட்டம் துடைத்துவிட்டது. மிஞ்சியிருப்பது சம்மதம், வயது, கொடுக்கல் வாங்கல், அவற்றுக்கான சாட்சியம். இவ்வளவு எளிதாக்கிக் கொடுத்த பிறகும் செய்யாமல் விடுகிறோம் என்பதுதான் வருத்தம்.

“பள்ளிச் சான்றிதழில் எங்கள் பெயர்தானே அப்பா அம்மா என்று இருக்கிறது, ரேஷன் கார்டில் மகள் என்றுதானே இருக்கிறது, அது போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி; சட்டமும் இதில் எப்போதும் ஒரே குரலில் பேசியதில்லை. பல பத்தாண்டுகளுக்கு முன் நடந்த தத்தைப் பற்றி வழக்கு வரும்போது நேரடி சாட்சிகள் இறந்திருப்பார்கள், எனவே நீண்ட காலம் பிள்ளையாக நடத்தியதையே பலமான சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று 1970-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி இருப்பவர்கள் 2020 மார்ச்சில் அதே நீதிமன்றம் தீர்த்த வழக்கையும் படிக்க வேண்டும். பெற்றோரை இழந்த குழந்தையை அதன் தாயின் சகோதரியும் அவர் கணவரும் வளர்த்தார்கள். பள்ளி, கல்லூரி ஆவணங்கள் எல்லாவற்றிலும் அவர்களே பெற்றோர். வளர்த்த தகப்பன் இறந்த பிறகு அந்தப் பெண் பாகம் கேட்டபோது, கொடுக்கல் வாங்கல் நடந்ததற்கு நிரூபணம் இல்லை என்று கோரிக்கை தள்ளப்பட்டது. தத்தெடுக்கவில்லை என்று எதிர்த்து நின்றவர் வளர்த்த தாயேதான். ஆவணங்களில் இருந்த தகப்பன் பெயர் அவளுக்கு எந்த உரிமையையும் தரவில்லை.

அந்த வழக்கில் உள்ளே மறைந்திருக்கும் சிக்கலையும் கவனிக்க வேண்டும். பெற்றோர் இருவரும் இறந்துவிட்ட குழந்தையைத் தாத்தாவோ மாமாவோ தாமாகத் தத்துக் கொடுக்க முடியாது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலூர், நாகப்பட்டினம் கரையோரத்திலும், 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது நாடு முழுவதும், உறவினர் வீடுகளுக்குப் போன பிள்ளைகள் பலரின் நிலை இதுதான். அன்பாக எடுத்துப்போனவர்கள் சட்டப்படி அவர்களுக்குப் பெற்றோர் ஆகவில்லை. இதற்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. தந்தைவழி, தாய்வழிச் சிற்றப்பன் பெரியப்பன், அத்தை மாமன், தாத்தா பாட்டி ஆகியோர் மத வேறுபாடின்றி உறவினர் பிள்ளையைத் தத்தெடுக்கலாம். மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆவணங்களைச் சரிபார்த்த பின் ஆணை கிடைக்கும். 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அந்த ஆணையை நீதிமன்றத்துக்குப் பதில் மாவட்ட ஆட்சியரே வழங்குகிறார். நெய்வேலிக்காரர்களுக்கு அது கடலூர் ஆட்சியர் அலுவலகம். சொந்த மகன் இருப்பதால் இந்து சட்டத்தில் இன்னொரு மகனை எடுக்க முடியாதவர்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது.

இனி நகரியக் குடும்பத்தின் பணத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வாதத்தின் கனம் இங்கேதான் இருக்கிறது. 1952-ஆம் ஆண்டின் ஊழியர் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தில், குடும்பம் உள்ள உறுப்பினர் குடும்பத்துக்குள்ளேதான் நாமினி போட முடியும். வெளியாள் பெயரைப் போட்டால் அந்த நியமனம் செல்லாது. மனைவி உயிரோடு இருந்தாலே குடும்பம் உண்டு என்றுதான் பொருள். எனவே தத்தெடுக்காத வளர்ப்பு மகளுக்கு ஒரு பங்கு என்று படிவத்தில் எழுதினால் அது வெறும் மையாகவே நிற்கும். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் அதே விதியை வகுத்தது. சட்டப்படி தத்தெடுத்த பிள்ளை குடும்பத்தில் சேர்த்தி, தத்துக் கொடுத்துவிட்ட பிள்ளை சேர்த்தி இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்தில் பிள்ளைகளுக்கான ஓய்வூதியம் விதவை ஓய்வூதியத்தில் 25 விழுக்காடு, இரண்டு பிள்ளைகள் வரை, இருபத்தைந்து வயது வரை. பெற்றோர் இருவரும் இல்லாவிட்டால் 75 விழுக்காடு. மகன், மகள் என்பதில் சட்டப்படி தத்தெடுத்த பிள்ளைகள் அடங்குவார்கள். வளர்ப்புப் பிள்ளை அடங்கமாட்டான். விபத்தில் இறந்தால் இழப்பீடு தந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் சார்ந்திருப்போர் பட்டியலில் தத்துப் பிள்ளைக்கு இடம் இருந்தது.

இதெல்லாம் ஓய்வுக் காலத்தில் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று ஒத்திவைப்பவர்கள் நெய்வேலியின் 2020-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். மே 7-இலும் ஜூலை 1-இலும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்தன. ஜூலை விபத்தில் ஆறு தொழிலாளர்கள் அன்றே இறந்தார்கள். காயமடைந்தவர்களில் பலர் பின்னர் மருத்துவமனையில் இறந்தார்கள். நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்ற பேதம் தீயில் இல்லை. அத்தகைய மரணத்துக்குப் பிறகு யார் குடும்பம் என்ற கேள்வி உடனே எழுகிறது. அப்போது ஓடிப்போய்த் தத்துப் பத்திரம் எழுத முடியாது. எழுதினாலும் பலன் குறைவு: அரசு ஊழியர் இறந்த பிறகு அவர் மனைவி தத்தெடுத்த பிள்ளைக்கு மத்திய அரசின் குடும்ப ஓய்வூதியம் கிடையாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது மத்திய அரசுப் பணி விதிகள் பற்றிய தீர்ப்பு என்றாலும், தத்து ஊழியரின் வாழ்நாளிலேயே முடிந்திருக்க வேண்டும் என்ற எச்சரிக்கை எல்லாச் சம்பளக் குடும்பத்துக்கும் பொருந்தும்.

நாமினி போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கை நகரியத்தில் மட்டுமல்ல, நாடெங்கும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அது பெருமளவு தவறு. காப்பீட்டு நாமினி பணத்தை வாங்கும் கை மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கே என்று 1983-இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வங்கி வைப்பு பற்றி 2010-இலும், நிறுவனப் பங்குகள் பற்றி 2023 டிசம்பரிலும் அதே நிலை உறுதியாயிற்று. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம். எத்தனை பேரைப் போட்டாலும் இந்த அடிப்படை மாறவில்லை. காப்பீட்டில் மட்டும் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு விலக்கு கொண்டுவந்தது: நாமினி, பாலிசிதாரரின் பெற்றோராகவோ கணவன் மனைவியாகவோ பிள்ளையாகவோ இருந்தால் பணம் அவருக்கே உரியது. இங்கேயும் அதே பழைய வாசல்தான். சட்டப்படியான மகளுக்குப் பாலிசிப் பணம் சொந்தம். தத்தெடுக்கப்படாத வளர்ப்பு மகளோ அதை வாங்கி, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கிறாள்.

உயில் இல்லாமல் இறந்தால் என்ன ஆகும் என்பதில் பெண்களின் சொத்து பற்றிய விதி எனக்கு மிகவும் கொடுமையாகத் தோன்றுகிறது. மருத்துவமனையில் வேலை பார்த்த ஒரு நர்ஸ், கணவர் முன்பே இறந்துவிட்டார், பிள்ளை இல்லை, தங்கை மகளை மூன்று வயதிலிருந்து வளர்த்திருக்கிறார், சொந்தச் சம்பளத்தில் வடலூரில் ஒரு வீடு, வங்கியில் கொஞ்சம் வைப்பு என்று வைத்துக்கொள்வோம். அவர் எதையும் எழுதிவைக்காமல் இறந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி அந்த வீடு கணவரின் வாரிசுகளுக்குப் போகும். அவரைப் பெற்ற தாய் உயிரோடு இருந்தாலும் கணவர் வீட்டாருக்கு அடுத்த வரிசைதான். வளர்த்த பெண் எந்த வரிசையிலும் இல்லை. கற்பனைக் கணக்கு அல்ல இது. திருமணமான மூன்று மாதத்தில் கணவனை இழந்து, புகுந்த வீட்டாரால் விரட்டப்பட்டு, தாய்வீட்டார் படிக்கவைத்து வேலைக்குப் போன ஒரு பெண்ணின் வங்கிச் சேமிப்பும் வைப்பு நிதியும் கணவன் வழி உறவினருக்கே சேரும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்தது. இரக்கம் வேறு, சட்டம் வேறு என்பதே அதன் சாரம். பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதிவைக்க வேண்டும் என்று 2025 நவம்பரில் அந்த நீதிமன்றமே கேட்டுக்கொண்டதும் இந்தப் பிரிவு தொடர்பான வழக்கில்தான். அந்த நர்ஸ் தங்கை மகளைத் தத்தெடுத்திருந்தால் மகள் என்ற முறையில் முதல் வரிசையில் அவளே நின்றிருப்பாள்.

அப்படியானால் உயில் ஒன்று போதுமே, தத்து எதற்கு என்பது அடுத்த மறுப்பு. பல வழக்கறிஞர்களும் இப்படித்தான் ஆலோசனை சொல்கிறார்கள், ஏனென்றால் உயில் சுலபம். முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவு கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும். கடலூர் மாவட்டத்துச் சொத்துக்கு, உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கும் புரொபேட் கட்டாயமாக இருந்ததில்லை. ஆனால் உயிலின் எல்லை குறுகியது. ஓய்வூதியத்தை உயிலில் எழுத முடியாது. அது திட்டம் சொல்லும் ஆளுக்கே போகும். வைப்பு நிதியும் பணிக்கொடையும் முதலில் குடும்பத்து நாமினி கைக்குத்தான் போகும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் உயிலால் பெயர் ஏறாது. வாழ்நாளிலேயே மனையைக் கொடுக்க நினைத்தாலும் வித்தியாசம் உண்டு: தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் செய்யும் செட்டில்மெண்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு, அதுவும் 40,000 ரூபாய் உச்சவரம்போடு, அந்தக் குடும்பத்தில் தத்துப் பிள்ளைக்கு இடம் உண்டு. வெளியாள் என்றால் 7 விழுக்காடு, உச்சவரம்பு இல்லை. இவற்றையெல்லாம் விட முக்கியமானது, உயிலை எதிர்ப்பது எளிது என்பது. முதியவரின் மனநிலை, சாட்சிகளின் நம்பகம், கையெழுத்து என்று பங்காளிகள் கேள்வி எழுப்பலாம். உயில் விழுந்துவிட்டால், தத்தெடுத்த மகளுக்கு வாரிசுரிமை கீழே தாங்கிப் பிடிக்கிறது. வளர்ப்பு மகளுக்குக் கீழே ஒன்றுமில்லை.

இதற்கு நேர் எதிராக, தத்து ஒன்றே போதும் என்பவர்களுக்கும் பதில் உண்டு. தத்தெடுத்த பிள்ளை வாரிசுதான்; ஆனால் ஒரே வாரிசு அல்ல. ஆண் ஒருவர் உயிலின்றி இறந்தால் மனைவி, பிள்ளைகள் ஆகியோரோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசாகச் சம பங்கு பெறுவார். அந்தத் தாயின் பங்கு பிறகு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கு இறங்கும். வடலூர் மனையில் சிற்றப்பன்மார் இப்படித்தான் சட்டப்படியே வந்து சேருகிறார்கள். மைனர் பிள்ளைக்குப் பாதுகாவலர் யார், பணத்தை யார் பதினெட்டு வயது வரை காப்பது என்பதையும் தத்துப் பத்திரம் தீர்க்காது. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் சட்டம் உயில் மூலம் பாதுகாவலரை நியமிக்க இடம் தருகிறது. எனவே தத்து முடிந்த கையோடு உயிலும் எழுத வேண்டும்.

குடும்பங்களை உண்மையில் தயங்க வைப்பது இந்தச் சட்ட நுணுக்கங்கள் அல்ல, பயம். தத்தை ரத்து செய்ய முடியாது என்று இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு சொல்கிறது. நாளைக்குப் பிள்ளை நம்மைக் கைவிட்டால் என்ன செய்வது? இந்தப் பயத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. ஆனால் அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, தத்தெடுத்ததால் பெற்றோரின் சொத்தை விற்கவோ உயில் எழுதவோ உள்ள அதிகாரம் குறையாது என்கிறது. தத்து பிள்ளைக்கு அந்தஸ்தைத் தருகிறது. வாழும் காலத்தில் பெற்றோரின் கையைக் கட்டுவதில்லை. 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் தத்தெடுத்த தாய் தந்தையையும் பெற்றோர் என்றே கொள்கிறது. பராமரிக்காத பிள்ளை மீது அவர்கள் நேரே மனு கொடுக்கலாம். பராமரிப்பு நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறவும் அதில் வழி உண்டு. அந்தப் பிரிவை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் படிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. தத்தெடுக்காமல் வளர்த்தவர்கள் பெற்றோர் என்று வழக்குப் போட முடியாது. முதுமையில் பிள்ளை கைவிடுவானோ என்று அஞ்சுகிறவர்களுக்குத்தான் தத்து அதிகம் தேவை.

இன்னொரு பயம், பிள்ளைக்குத் தெரிந்துவிடுமே என்பது. இந்த மறைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் வெளியான குழந்தை விற்பனை வழக்கு காட்டியது. ஏழைத் தாய்மாரிடம் வாங்கிய குழந்தைகளை விற்று, வாங்கியவர்களே பெற்றவர்கள் போலப் பிறப்புச் சான்றிதழும் ஏற்பாடு செய்து கொடுத்ததாக எழுந்த புகாரில் சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது. பணம் கொடுத்துப் பிள்ளை வாங்குவது குற்றம் என்பது ஒருபுறம். அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தைப் பாருங்கள். பெற்ற பிள்ளை என்று பொய்யாகப் பதிந்ததால் தத்து என்ற உரிமையும் அதற்கு இல்லை. ஒரு சொத்து வழக்கில் மரபணுச் சோதனை கேட்டால் எல்லாம் கலைந்துபோகும். நேர்வழியில் போவோருக்குக் காத்திருப்பு நீளம் என்பது உண்மையே. 2021 டிசம்பரில் தத்தெடுக்கப் பதிவு செய்திருந்தவர்கள் 27,939 பேர். சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்ட குழந்தைகள் 2,430 தான் என்று நாடாளுமன்றக் குழுவின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. அந்த இடைவெளிதான் தரகர்களுக்குச் சந்தையாகிறது. உறவுக்குள் பிள்ளை எடுப்பவர்களுக்கோ இந்த வரிசையே கிடையாது. அவர்கள் முன் நிற்பது தயக்கம் ஒன்றுதான்.

நகரியத்தில் இஸ்லாமிய, கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. தத்துப் பத்திரம் பதிவு செய்யும் இந்து சட்ட வழி அவர்களுக்குக் கிடையாது. 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில், சிறார் நீதிச் சட்டப்படி எந்த மதத்தவரும் தத்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இஸ்லாமியக் குடும்பத்தில் வளர்த்த பிள்ளைக்கு வாழ்நாளில் ஹிபா என்னும் கொடை செய்வதும், மூன்றில் ஒரு பங்குக்கு உட்பட்டு வஸிய்யத் என்னும் உயில் எழுதுவதும் நெடுங்காலமாக உள்ள வழிகள். சட்டப்படியான தத்தோடு இவையும் சேர்ந்தால் பிள்ளையின் நிலை உறுதிப்படும்.

நகரியத்துக்கு வெளியே, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த ஊர்களில் இதே பிரச்சினை வேறு உருவில் நிற்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் கால்வாய்க்காக இயந்திரங்கள் இறங்கியபோது நாடே பார்த்தது. அந்தச் சண்டையின் நியாயம் தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே சொல்ல வேண்டியது, நிலம் எடுக்கப்பட்ட அன்றே விவசாயக் குடும்பமும் காகிதச் சொத்துக் குடும்பமாகிவிடுகிறது என்பது. பட்டாதாரர் இறந்திருந்தால் இழப்பீடு வாரிசுகளுக்குப் பங்காகும். பங்கில் தகராறு என்றால் தொகை தீர்ப்பு வரும்வரை காத்துக் கிடக்கும். வேறு வீட்டுக்குத் தத்துப்போன மகனுக்குப் பிறந்த வீட்டில் தத்துக்கு முன்பே அவன் பெயரில் சேர்ந்துவிட்ட சொத்து மட்டுமே தொடரும். பிறகு அங்கே அவன் வாரிசு அல்ல. பத்திரம் இல்லாமல் போயிருந்தால், இரண்டு வீட்டாரும் அவரவர் வசதிக்கு ஏற்பத் தத்து உண்டு என்றும் இல்லை என்றும் சொல்வார்கள். பிள்ளை இரண்டு வீட்டுக்கும் அந்நியன் ஆவான்.

இதற்கு அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசம் 1977 ஜனவரி 1 முதல், பதிவு செய்த பத்திரம் இல்லாத இந்து தத்து செல்லாது என்று சட்டத்தைத் திருத்திக்கொண்டது. தமிழ்நாட்டில் பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்தால் இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் 16-ஆவது பிரிவின்படி தத்து முறைப்படி நடந்ததாக நீதிமன்றம் கொள்ளும், மறுப்பவர்தான் பொய் என்று நிரூபிக்க வேண்டும். பதிவைக் கட்டாயமாக்கினால் அலுவலகப் படி ஏறத் தெரியாத ஏழைகளின் உண்மையான தத்துகள் செல்லாமல் போகும் என்ற எதிர்ப்பில் வலு இருக்கிறது. ஆகவே பழைய தத்துகளைத் தொடாமல், ஒரு குறிப்பிட்ட தேதிக்குப் பிந்தியவற்றுக்கு மட்டும், கட்டணமின்றிப் பதிவு என்று தமிழ்நாடு செய்யலாம். அதுவரை குடும்பங்கள் தாமாகச் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். கொடுக்கும் பெற்றோர், எடுக்கும் தம்பதியர் எல்லாரும் கையெழுத்திட்ட பத்திரம்; அதில் ஒப்படைத்த தேதி, இடம், மனைவியின் சம்மதம், பிள்ளையின் வயது, இரண்டு சாட்சிகள்; அன்று எடுத்த சில புகைப்படங்கள். பிறகு பணிப்பதிவேட்டிலும் நாமினி படிவங்களிலும் பிள்ளையின் பெயரை ஏற்றுவது. தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வுக்கும் போனஸுக்கும் கொடுக்கும் கவனத்தில் சிறிது இதற்கும் கொடுத்தால், ஓய்வுபெறும் நாளுக்குள் பலருடைய படிவங்கள் ஒழுங்காகிவிடும்.

தள்ளிப்போட நேரமில்லை என்பதைச் சட்டத்தின் வயது வரம்புகளே சொல்கின்றன. பதினைந்து வயது முடிந்தால், வழக்கத்தை நிரூபிக்க முடிந்தாலொழிய, இந்து சட்ட வழி அடைபடும். பதினெட்டு முடிந்தால் சிறார் நீதிச் சட்ட வழியும் அடைபடும். அதைத் தாண்டிவிட்ட பிள்ளைகளை வளர்த்தவர்கள் இன்றே செய்யக்கூடியவை இரண்டு. மனையைத் தங்கள் ஆயுட்கால உரிமையை வைத்துக்கொண்டு, பராமரிப்பு நிபந்தனையையும் எழுதி, தீர்வை கூடுதலானாலும் செட்டில்மெண்ட் செய்வது ஒன்று. கணவனும் மனைவியும் தனித்தனியே உயில் எழுதி, அதில் பிள்ளையின் பெயரோடு, அவளை எத்தனை வயதிலிருந்து வளர்த்தோம், ஏன் அவளுக்குக் கொடுக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பதிவு செய்வது இன்னொன்று. ஒருவர் இறந்து, வைப்பு நிதியும் பணிக்கொடையும் மற்றவர் கணக்குக்கு வந்து சேர்ந்த பிறகு, அந்தப் பணத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்து அந்த உயிலைப் புதுப்பிக்க வேண்டும்.